விமானத்தின் வாலில் படுத்தவன்

அவைக்குத் தலைமை தாங்கும் அன்புக்குரிய லெகி அவர்களே! பெல்ஃபாஸ்ட் துறைமுகத்துப் பெரியோர்களே! இரும்பை அறைந்து அறைந்தே காது மந்தமான தோழர்களே! அந்தக் காதுகளுக்குக் கேட்கும்படி கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன தாய்மார்களே! முதல் வரிசையில் கறுப்புக் கோட்டுடன் அமர்ந்திருக்கும் எங்கள் அக்னஸ் அண்ணியே! அனைவருக்கும் வணக்கம்.

நம் பேட்டை மன்றம் ஒரு நினைவுக்கல் நட்டிருக்கிறது. போரில் மாண்ட நாற்பத்தொரு பேரின் பெயர்கள் அதில் உண்டு. அண்ணியின் கணவன், என் தோழன், டெஸி மகில்வேனின் பெயர் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். மன்ற எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவன் இருந்தது ரிப்பேர் கப்பல்தானேப்பா? டெஸி மெக்கானிக். இந்தக் கல்லு சண்டை போட்டவங்களுக்கு."

ரிப்பேர் கப்பலாம்! ஆம் ஐயா, நம் கரங்கள் கட்டிய 'ஆர்ட்மோர்' ரிப்பேர் கப்பல்தான்! சிறகொடிந்து வந்த விமானங்களைச் சீராக்கிச் சீறவிட்டது யார்? இத்தாலிக் கரையில் நம் படை இறங்கியபோது, விமானந்தாங்கிகள் போதவில்லை என்று கையைப் பிசைந்தது யார்? கடற்படைத் தலைமை! "பட்டறையை ஒதுக்கு, தளத்தைத் திற, நீயும் விமானம் பறக்கவிடு" என்று உத்தரவு வந்தது. மேலே விமானங்கள் பறந்தன, கீழே பழுதுபார்த்தோம். பட்டறையே பாசறை ஆனது!

எங்கள் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. பழுதுபார்த்த எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும்போது விமானத்தின் வால் தூக்கும். அந்த வாலின்மேல் ஒருவன் குறுக்கே படுத்து அழுத்த வேண்டும். யார் படுப்பது? அந்த எஞ்சினின் திருகாணியை முடுக்கியவனே படுக்க வேண்டும்!

படை இறங்கிய மூன்றாம் நாள் நண்பகல். உள்ளே விமானி பிரயர். வாலில் டெஸி. சக்கரம் உருளாமல் முட்டுக்கொடுத்த கட்டையருகே நான். எதிரி விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டது.

"டெஸி, குதிச்சு ஓடியாடா!" என்றேன்.

"நான் எந்திரிச்சா இது மூக்குக் குத்திக் கவுந்துரும்டா! டேங்க் பூரா பெட்ரோல்! முன்னாடி போயி எஞ்சின நிறுத்தச் சொல்லு, இங்கேருந்து கத்துனா பைலட்டுக்குக் காது கேக்காது!"

முன்னால் போனேனா? இல்லை, தோழர்களே. ஓடினேன்! படிக்கட்டுக்குள் ஓடி ஒளிந்தேன்.

என்ன, பின்வரிசையில்? "நீ ஓடலன்னா நீயும் செத்திருப்ப வில்பர்ட்" என்கிறீரா? செத்திருப்பேன். அப்போதும் அந்தக் கல்லில் எனக்கு இடம் கிடைத்திருக்காது ஐயா, நானும் மெக்கானிக்!

குண்டு வெடித்துப் புகை விலகியதும் போய்ப் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விமானம் நிமிர்ந்து நின்றது. பிரயர் உயிரோடு இருந்தார். டெஸியின் முதுகில் குண்டுச் சிதறல். கைகளோ வாலைவிட்டு வரவில்லை. விரல் விரலாக நான்தான் பிரித்தேன். அதே விமானம் அன்று மாலை பறந்தது. இது சண்டை இல்லையென்றால் எதுதான் சண்டை?

மன்றத்தாரே! மனு கொடுத்தேன், மடித்து வைத்தீர்கள். இன்று காலை உளியோடு போய் நானே அவன் பெயரை வெட்டிவிட்டேன். நான் இப்போது கப்பல் தகடு வேலைக்காரன், கல்தச்சன் அல்ல. எழுத்து கொஞ்சம் கோணல். நாளை அழிக்க ஆள் அனுப்புவீர்களாம். அனுப்புங்கள்! அந்தக் கல்லின்மேல் குறுக்கே நான் படுத்திருப்பேன். இந்த முறை ஓடமாட்டேன்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. அண்ணி, வாருங்கள், பெயரைக் காட்டுகிறேன். வணக்கம்.