பால் கவர் சுற்றாமல் போட்ட சீல்

எங்கள் வீட்டில் காலிப் பால் கவரை நான் குப்பையில் போடுவதில்லை. கழுவிக் காயவைத்துப் பட்டறைக்கு எடுத்துப்போவேன்.

பட்டறை காட்டூரில் இருக்கிறது. வேன்களின் கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்க்கிறோம். இன்ஜினின் சுழற்சியை உள்ளே கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கும். ஆயிலை உள்ளே நிறுத்துவது அதுதான். ஷாஃப்டின் முனையில் கூரான பல்வரிசை. அதன்மேல் பால் கவரைச் சுற்றி, சீலை வழுக்கவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு கவரை உருவிவிடுவேன். இல்லாவிட்டால் ரப்பரின் உதடு, ஷாஃப்டைக் கவ்வும் அந்த மெல்லிய விளிம்பு, கிழியும்.

இயற்பியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் பட்டறைக்கு வந்தவள் நான். நான் போட்ட சீல் ஒன்றுகூடக் கசிந்ததில்லை. "யார் சேர்த்தது பாய்?" என்று வண்டிக்காரர்கள் கேட்டால், என் அண்ணன் கலீம் "நான்தான்" என்பான். நான் உள்ளே கை கழுவிக்கொண்டிருப்பேன். எனக்குக் கூச்சம் அதிகம். எதுவும் சொன்னதில்லை.

அழகிரி அண்ணன் ஸ்ரீரங்கத்தில் வேன் வைத்திருந்தார். அவருடைய கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது கவரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, டிபன் கட்டுறியா?" என்றார்.

கலீம் விழுந்து விழுந்து சிரித்தான். "எல்லாம் புக்குல படிச்சதுண்ணே. ஏய் ஷாஜியா, அதத் தூக்கிப் போட்டுட்டு நேரா தள்ளு."

நேராகத் தள்ளினேன். உதடு கிழிவது விரலுக்குத் தெரிந்தது. சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான். கசிந்து வண்டி திரும்பி வரும். யார் போட்டது என்று கேட்பார்கள். அப்போதும் கலீம் "நான்தான்" என்றே சொல்லியாக வேண்டும். அதைக் கேட்க ஆசையாக இருந்தது.

அழகிரி அண்ணன் வண்டியோடு திரும்பி வந்தார். கலீம் தொழுகைக்குப் போயிருந்தான்.

"அடியில சொட்டுதும்மா. நாளைக்கு சமயபுரத்துக்கு ஆள் ஏத்தணும். போலாமா?"

நிறுத்தி வையுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் மறுபடி பிரித்தால் நான்தான் சரிசெய்வேன். அதுவும் கலீமின் வேலையாகிவிடும்.

"புது சீல்ண்ணே. மொதல்ல சொட்டும், அப்புறம் நின்னுடும். தைரியமா போயிட்டு வாங்க" என்றேன்.

நான் அவ்வளவு பேசியது அவருக்கே ஆச்சரியம்.

ஆயில் வற்றினால் பேரிங் சூடேறி இறுகும். வேகத்தில் இறுகினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். மறுநாள் நெடுஞ்சாலையில் பூட்டிக்கொண்டன. வேன் உருண்டது. அழகிரி அண்ணனும் பின்னால் இருந்த மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்தப் பெண்களை எனக்குத் தெரியாது.

சார், நான் மனசு கேட்காமல் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை. நீங்கள் பட்டறைக்கு வந்து விசாரித்தபோது, கலீம் என் பக்கம் திரும்பியும் பார்க்காமல், "சீல் போட்டது நான்தான் சார். தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்று அம்மா அழுகிறார்.

எனக்கு ஒன்றும் தெரியாதாம்.

அது என் வேலை, சார். இதையாவது என் பெயரில் எழுதுங்கள்.