ஆறாவது மாடிக்கு வரவும்

ராத்திரி பதினோரு மணி இருக்கும். பைபாஸ் ரோடு... முன்னாடியும் வண்டி இல்ல, பின்னாடியும் இல்ல. என்கூட வேலை பாக்குறானே நெட்டையன், அவனோட மாமா ஸ்கூட்டர்ல தனியாப் போறாரு. மாமா எலக்ட்ரீஷியன். துணியிலிருந்து துடைப்பம் வரைக்கும் ஒரே கட்டடத்துல விக்கிற பெரிய கடையில வேலை.

முதலாளி போன் பண்ணியிருந்தாரு. "காலையில கட்டடத்தை வாங்குறவங்க வராங்க. அதுக்குள்ள அந்த ஸ்பீக்கரை நிறுத்துங்க."

ஸ்பீக்கர்ல வர்றது மாமாவோட சம்சாரம், நெட்டையனோட அத்தை குரல். அத்தை செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு... சிரிக்காதீங்கடா, கேளுங்க.

முதலாளியோட அப்பா காலத்துல ஊர் ஊருக்குக் கிளை இருந்த கடை அது. மகன் வந்தாரு, மகராசன். உக்கார இடம் இருந்தா வாங்க மாட்டாங்கன்னு நாற்காலியெல்லாம் தூக்கினாரு. வயசானவங்க வரத்து நின்னுச்சு. யாவாரம் படுத்ததும் ஆளைக் குறைச்சாரு. சரக்கை எடுத்துக் காட்ட ஆளில்லாம மிச்ச சனமும் போயிடுச்சு. ஒவ்வொரு கிளையா மூடி, கடைசியா இது ஒண்ணுதான்.

யாரையும் நேர்ல பாத்து வேலையை விட்டுப் போகச் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. ஸ்பீக்கர்ல கூப்பிடச் சொல்வாரு. டிங்... டாங்... "பாத்திரப் பிரிவு ஊழியர் ஆறாவது மாடிக்கு வரவும்." மேல போனவங்களைச் சரக்கு லிஃப்ட்ல பின்வாசலுக்கு இறக்கிடுவாங்க. மத்தவங்க முகத்துல முழிக்கக் கூடாதாம்.

அத்தனை பேரையும் கூப்பிட்டது அத்தைதான். அவங்க வேலை அது. ஒரு நாள் சீட்டு வந்துச்சு, வாசிச்சாங்க. "அறிவிப்புப் பிரிவு ஊழியர் ஆறாவது மாடிக்கு வரவும்." அந்தப் பிரிவுல இருந்ததே அவங்க ஒருத்தங்கதான். குரல் பிசிறல. மைக்கை அணைச்சிட்டுப் போனாங்க. பின்வாசல்ல இறங்கி ரோட்டைத் தாண்டும்போது... லாரி. மாமா அப்ப மூணாவது மாடியில ட்யூப்லைட் மாட்டிக்கிட்டிருந்தாரு.

அன்னியிலிருந்து தினமும் கடை மூடுற நேரத்துல அத்தை குரல் வரும். "பத்திரமாக வீடு திரும்புங்கள்." மத்தவங்க பயந்து ஓடினாங்க. மாமா மட்டும் ஸ்பீக்கருக்குக் கீழ போய் நிப்பாரு. புள்ளகுட்டி இல்லாத மனுசன். அவருக்குன்னு மிச்சம் இருந்தது அந்தக் குரல்தான்... அதைத்தான் இப்ப அறுக்கச் சொல்றாங்க.

உள்ள போனாரு. காலி அலமாரி, பாச்சை உருண்டை வாசனை. முதலாளி டார்ச்சோட நிக்கிறாரு. மாமா ஸ்பீக்கர் வயரை வெட்டுனாரு. அப்புறம் மெயினையும் இறக்குனாரு.

கும்மிருட்டு.

"அப்பாடா, சனியன் விட்டுச்சு"ன்னாரு முதலாளி.

டிங்... டாங்...

"நிர்வாக இயக்குநர்... ஆறாவது மாடிக்கு வரவும்."

கரண்டே இல்ல. சரக்கு லிஃப்ட் கிர்ர்ருன்னு இறங்கி வந்து கதவு திறக்குது.

"நான் வரலன்னு சொல்லுங்க... உங்க வீட்டம்மாதானே, சொல்லுங்க!"

மாமாவுக்கு வாய் வரல. வரலையா, அவர்தான் வாயைத் திறக்கலையா... அவருக்கே தெரியாது. முதலாளி வாய் "வேணாம் வேணாம்"ங்குது, கால் பாட்டுக்கு நடக்குது. கதவு மூடுச்சு. லிஃப்ட் ஏறுச்சு. ஆறு மாடி ஏற எவ்வளவு நேரம் ஆகும்? அது ஏறிக்கிட்டே இருந்துச்சு...

மாமா இருட்டுல அழுதுட்டாரு. "என்னையும் கூப்பிடேன்."

டிங்... டாங்... "மின்சாரப் பிரிவு ஊழியர்..." அப்புறம் மெதுவா, "நீங்க வீட்டுக்கு வாங்க."

முதலாளி கிடைக்கவே இல்ல. போலீஸ் வந்து பாத்தப்ப லிஃப்ட் காலி.

போன மாசம் நெட்டையன் மாமாவைப் பாக்கப் போனான். கடைத்தெருவுலயே புடிச்சிட்டான். மனுசன் நல்லா சதை போட்டு, சிரிச்ச முகமா இருக்காரு. பேசிக்கிட்டே இருந்தவரு திடீர்னு, "வாடா, நேரமாச்சு. உன் அத்தை தேடுவா"ன்னு கிளம்பிட்டாரு.

வீட்டுக்கு வந்து வெளிப்பூட்டைத் திறந்தாரு. உள்ள ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல.

"வந்துட்டீங்களா?"

தெளிவா, நிறுத்தி நிதானமா... மைக்ல பேசுற மாதிரி.

"வந்துட்டேம்மா"ன்னு மாமா செருப்பைக் கழட்டுறாரு.

பின்னாடியே வந்த நெட்டையன் வாசப்படியில கால் வெச்சான்...

"கூட யாரு?"