செத்த கரும்பையும் எண்ணச் சொன்னவருக்கு

பரவனாற்றுக் கரும்பு ஆய்வுப் பண்ணைத் தலைமை ஆய்வாளர் டாக்டர் உத்திராபதி அவர்கள் பணி ஓய்வு பெறும் 1966 மே 31ஆம் நாளில் படித்தளிக்கும் மடல்

அன்புசால் ஐயா!

‘கலைக்கடலே! கன்னற்காவலரே! கருணைக்குன்றே!’ என்று நாங்கள் அரும்பாடுபட்டு எழுதிய மடலை முன்னதாகவே கேட்டு வாங்கி, சிவப்பு மையால் அடித்து, ‘இதுக்கெல்லாம் ஆதாரம் எங்கய்யா?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டீர்கள். ஓய்வு பெறும் நாளிலாவது எங்களை நிம்மதியாகப் புகழ விடக் கூடாதா!

முன்பு தாங்கள் இப்படியா இருந்தீர்கள்! மேலிடம் மனம் மகிழ, விளைந்த பாத்தியை விரிவாக எழுதி, செத்த பாத்தியைச் சத்தமின்றி விட்டுவிடும் எங்களில் ஒருவராகத்தானே இருந்தீர்கள்! ஐம்பத்து நான்கில் ஹவாய்த் தீவுக்குக் கப்பலேறி, ஈராண்டு கற்றும் உழைத்தும் திரும்பினீர்கள். நாங்கள் எதிர்பார்த்தது ஆளுக்கொரு பேனா. தாங்கள் கொண்டு வந்ததோ, அங்கே ஒரு பெரிய பேராசிரியர் தம் பிழையைத் தாமே மாணவர் முன் சொல்லிச் சிரித்த கதை! அன்று முதல் சித்திரை வெயிலில் செத்த கரும்பையெல்லாம் தூர் தூராக எண்ணி இளைத்தோம். ‘நல்லா வெளஞ்சத நெல்லிக்குப்பம் ஆலை வண்டிக்காரனே சொல்லிடுவான், செத்தத சொல்லத்தான்யா நமக்குச் சம்பளம்’ என்பீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்தது.

அப்துல் மஜீத் விஷயத்தில் தாங்கள் செய்தது அதற்கும் மேல். மங்கலம்பேட்டையிலிருந்து வந்து ஒன்பதாண்டு உழைத்த இளவல். வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு மும்முறை விண்ணப்பித்துத் தோற்றவர். வயது வரம்பினால் இம்முறையே கடைசி வாய்ப்பு. நற்சான்றில் நாலு நல்ல வார்த்தை எழுதக் கூடாதா? ‘இவர் ஒருமுறை செத்த பதினான்கு வரிசைகளை எழுதாமல் விட்டார், எவரும் கண்டுபிடிக்குமுன் தாமே வந்து சொன்னார்’ என்று எழுதினீர்களே! அதைத் தட்டச்சு செய்த சிதம்பரத்துக் கலியமூர்த்தி பதறியடித்து ஓடிவந்து, ‘சார், அந்தப் புள்ள பொழப்பே போயிடும் சார்’ என்று கெஞ்சினார். தாங்கள் அசையவில்லை. ஒரு மாதம் தங்களோடு நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெளிநாட்டுத் தேர்வுக் குழுவிடமிருந்து பதில் வந்தது. மற்றவர்களின் சான்றுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தனவாம். தன் பிழையைத் தானே சொன்ன ஆள்தான் அக்குழுவுக்கு வேண்டுமாம். அடுத்த வாரம் மஜீத் கப்பலேறுகிறார். கடிதத்தைப் படித்து அழுதோம். தங்கள் மேல் வந்த கோபம் மட்டும் இன்னும் முழுதாய்த் தீரவில்லை.

ஈராண்டில் அவரும் தங்களைப் போலவே ஆகித் திரும்புவார். எங்கள் உயிரை வாங்குவார். அந்நாளில் தாங்கள், துணைவியார் அமராவதி அம்மையாருடன் நோய்நொடியின்றி வாழ்ந்து, இப்பண்ணைக்கு வந்தே தீர வேண்டும். எங்களை அவரிடம் தனியே விட்டுவிடாதீர்கள், ஐயா!

இங்ஙனம்,
பண்ணைப் பணியாளர்கள்