வடகரைப் பஞ்சாயத்து வால்வு

தலைமை ஏற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் பால்வண்ணநாதன் அவர்களே, வடகரைப் பஞ்சாயத்து எழுத்தர் சிவசைலம் அவர்களே, தென்காசி, செங்கோட்டை, புளியங்குடியிலிருந்து கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் ரேடியோத் தொழில் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் சங்கச் செயலாளன் ஆறுமுகநயினாரின் வணக்கம்.

நம் அருமை நண்பர், ரேடியோ மெக்கானிக் கிதிர் முகம்மது நம்மை விட்டுப் போய்விட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைச் சாந்தசொரூபி என்றார்கள். சாந்தசொரூபியா? கிதிர் முகம்மதுவா? அவருடைய திருப்புளியைக் கேட்காமல் எடுத்தால் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசுவார். சாயங்காலம் அவரே வந்து டீயும் வாங்கித் தருவார்.

குற்றாலத்து அருவியில் வெள்ளம் திரண்டபோது, குளிப்பவர்களை வெளியேறச் சொல்லும் ஒலிபெருக்கி ஊமையாகிப் போனதே, நினைவிருக்கிறதா? நனைந்த சட்டையோடு உட்கார்ந்து அதைப் பேச வைத்தவர் யார்? எத்தனை தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடு வீடு திரும்பினார்கள்! அப்பேர்ப்பட்ட மனிதர் அவர்.

ஆனால் இங்கே பாதிப் பேர் மனத்தில் ஓடுவது வேறு. நானே சொல்லிவிடுகிறேன். வடகரைப் பஞ்சாயத்து ரேடியோவைப் பழுது பார்க்கும்போது, அதற்கு உயிரான நல்ல கண்ணாடி வால்வைக் கழற்றிக்கொண்டு, செத்த வால்வைச் செருகிவிட்டார் கிதிர் முகம்மது. இதுதானே பேச்சு?

யார் சொன்னது? ஒரு பெட்டி சொன்னது. நம் சங்கம் பொதுவில் வாங்கித் தலைவர் கடையில் வைத்திருக்கிறோமே, அந்த வால்வு சோதிக்கும் பெட்டி. அந்தந்த வால்வுக்கு உரிய துளையிட்ட அட்டையைப் போட்டு, வால்வைச் சாக்கெட்டில் செருகினால் போதும். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். முள் பச்சைக்குப் போனால் நல்ல வால்வு, சிவப்பில் நின்றால் செத்த வால்வு. பழுது பார்த்து வாங்கிய ரேடியோவில் வால்வு மாறியிருக்கிறதா என்று சந்தேகப்படுவது நம் ஊர் வழக்கம். வடகரைக்காரர்களும் சந்தேகப்பட்டு அங்கே கொண்டுபோனார்கள். முள் சிவப்பில் நின்றது. நல்லது கைமாறிவிட்டது என்று தலைவர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

கிதிர் முகம்மது என்னிடம் ஓடி வந்தார். “ஏலே ஆறுமுகம், வால்வு சாகலலே. பெட்டியில சாக்கெட்டுதான் பிடிய விட்டுட்டு. ஊரு பூரா வந்து செருகி உருவுதாக, போதாக்குறைக்குச் சாரல் ஈரம் வேற. என் சாக்கெட்ட நடுவுல போட்டு எல்லார் முன்னாலயும் பாக்கச் சொல்லு” என்றார்.

அவர் சாக்கெட் என்றது இதோ, என் கையில் இருப்பது. உடைந்த வால்வின் அடிப்பாகத்தில் புதுச் சாக்கெட்டைப் பற்றவைத்துச் செய்தார். கால்களுக்கு ஈயம் பூசிச் சற்றே தடிக்க வைத்திருக்கிறார். பெட்டியின் தளர்ந்த சாக்கெட்டை இது இறுகப் பற்றும். வால்வு இதன் மேல் உட்காரும்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். “குற்றாலச் சீசன் முடியட்டும்வே, சாவகாசமா வச்சுக்கிடுவோம்” என்றார். சீசன் முடிவதற்குள் நெஞ்சுவலி கிதிர் முகம்மதுவைக் கொண்டுபோய்விட்டது. களவாணி என்ற பேரோடு போனார் தோழர்களே.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஷரீபுன்னிசா அம்மாள் கணவரை இழந்த துக்கக் காலத்தில் வெளி ஆண்கள் முன் வராமல் இத்தா இருக்கிறார். கதவுக்கு உள்ளிருந்தே பேசினார். “அண்ணாச்சி, கூட்டத்துல அவுகள நல்லவுக வல்லவுகன்னு சொல்லுதது வேண்டாம். களவாணி இல்லன்னு மட்டும் சொல்லுங்க.”

அதனால்தான் கிதிர் முகம்மதுவின் படத்துக்கு முன்னால் சோதனைப் பெட்டி இருக்கிறது. தலைவர் அவர்களே, தயவுசெய்து உட்காருங்கள். சிவசைலம் அவர்களே, அன்றைக்குச் சிவப்பு காட்டியதும் நீங்கள் முத்திரை வைத்துப் பூட்டிய வால்வுதானே இது? உரக்கச் சொல்லுங்கள். “அதேதான், முத்திரை உடையல” என்கிறார். கேட்டுக்கொண்டீர்களா?

என் கை படவேண்டாம். புளியங்குடி மசூது, நீங்கள் செருகுங்கள். முதலில் இந்தச் சாக்கெட் இல்லாமல், வெறும் பெட்டியில். பொறுங்கள். கால் சரியாகப் பற்றினால்தான் வால்வுக்குச் சூடேறும், சூடேறினால்தான் முள் நகரும். சிவப்பு. அன்று நின்ற அதே இடம்.

இந்த நடுச் சாக்கெட் எதைப் போட்டாலும் பச்சை காட்டுமோ என்று தலைவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அவர் கடையில் கழித்துப்போட்ட வால்வையே முதலில் இதில் செருகுங்கள். சிவப்பு. திருப்திதானே?

இப்போது வடகரை வால்வு. அதற்குரிய அட்டையை மறுபடி போடுங்கள். யாரும் எழுந்திருக்க வேண்டாம். சிவப்பில் நின்றால் அவரை நானே மறுபடி கொன்றவன் ஆவேன். உள்ளே இழை சிவந்துவிட்டது. முள் அசைகிறது. மசூது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், எனக்குக் கண் மறைக்கிறது.

“பச்சை அண்ணாச்சி. நல்லாப் பச்சைக்கே வந்துட்டு.”

வால்வு சாகவில்லை. கிதிர் முகம்மது களவாணி இல்லை.

தோழர்களே, அழுதது போதும். இனி நம் வட்டாரத்தில் சாக்கெட்டைச் சோதிக்காமல் எந்த வால்வையும் கழிக்க மாட்டோம். பெட்டியின் பேச்சை மட்டும் கேட்டு எந்த மனிதனையும் கழிக்க மாட்டோம். அவர் தொடங்கிய வேலையை ஒவ்வொரு கடையிலும் நாம் செய்வோம். சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள். தலைவரும் தூக்கியிருக்கிறார், நன்றி.

ஆனால் தலைவர் அவர்களே, கை தூக்கினது ஷரீபுன்னிசா அம்மாளுக்குத் தெரியாது. வெளியே கட்டியிருக்கும் ஒலிபெருக்கிக் குழாய்களில் ஒன்றை அவர் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். இவ்வளவு நேரமும் அவர் கேட்டது என் குரல். பழி சொன்னது உங்கள் குரல். வாருங்கள், மைக்கைப் பிடியுங்கள்.