வெள்ளைச் சீட்டு

மரத் தரையை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. எங்கள் ஊரில் காற்றே உப்பும் ஈரமுமாக இருக்கிறது. அதற்கு மேல் தண்ணீரும் பட்டால் பலகை உப்பிவிடும். காய்ந்த துணியால் தூசியைத் தட்டி, மெழுகுவர்த்தியைச் சீவித் தூவி, தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்துத் தேய்க்க வேண்டும். போன வருஷம் முழுவதும் சனிக்கிழமை மதியங்களில் நான் அதைத்தான் செய்தேன். தரையில் ஏதாவது குறை இருந்ததா என்று நீங்கள் அன்றைக்குக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. இல்லை என்றேன். அது உண்மைதான். தரை நான் நினைத்தபடியே இருந்தது.

ரோச் நேற்று உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, ஆக்னஸ் சாவுக்குத் தன் கைதான் காரணம், தன்னை உள்ளே வையுங்கள் என்று அழுததாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆக்னஸ் என் மனைவி. அவள் சாவில் ரோச்சுக்குப் பங்கு எதுவும் இல்லை.

என் பெயர் ஏசுவடியான். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை டான்ஸ் கிளப்பில் சேரலாம் என்று முதலில் சொன்னது நான். இதை யாரும் இப்போது நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரைப் பக்கம், முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியின் மாடி. பத்து ஆண்கள், ஒன்பது பெண்கள், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை. கற்றுக் கொடுத்தது ரோச். பயணிகள் கப்பலில் இருபது வருஷம் ஸ்டூவர்டாக இருந்தவன். வால்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் எல்லாம் அங்கே கற்றது. மனைவி இறந்து வெகு காலமாகிறது.

ஜனவரி முதல் சனிக்கிழமை சீட்டுக் குலுக்குவார்கள். பெண்களின் பெயர்கள் ஒரு தொப்பியில் இருக்கும். ஆண்கள் எடுக்க வேண்டும். வருகிற பெயர்தான் அந்த வருஷம் முழுவதும் ஜோடி. ஆண்களில் ஒருவர் கூடுதல் என்பதால் ஒரு சீட்டு வெள்ளையாக இருக்கும். அதை எடுத்தவர் ஆட முடியாது. தரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பாட்டுப் போட வேண்டும். அதற்கு ஈடாக டிசம்பர் ஆண்டு விழாவில் முதல் ஆட்டம் அவருடையது. எந்தப் பெண்ணை அழைத்தாலும் அவள் மறுக்கக் கூடாது.

முந்தின வருஷம் எனக்கு ஆக்னஸின் பெயர் வந்தது. ஒரு வருஷம் நாங்கள் ஆடினோம். அவள் கால் தவறும்போது திருத்தினேன். அவளுக்கு ஒழுங்காக வரட்டும் என்று வாய்விட்டு எண்ணினேன். போன வருஷம் வெள்ளைச் சீட்டு வந்தது. ஆக்னஸ் ரோச்சுக்குப் போனாள். விதி என்று இருந்துவிட்டேன்.

அவள் நன்றாக ஆடினாள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. பிப்ரவரிக்குள் அவள் நடை மாறிவிட்டது. மீன் வாங்கப் போகும்போதும் தோள் நிமிர்ந்திருந்தது.

தவக்காலம் வந்தது. நாற்பது நாள் கிளப்பைப் பூட்டிவிடுவோம். ஒருநாள் வீட்டில் ரேடியோவில் பாட்டு வந்தபோது நான் கையை நீட்டினேன்.

"தவக்காலத்துல என்ன ஆட்டம்? பாவம்லா" என்றாள்.

நான்காவது வாரம், பலகைகளைப் பார்த்துவரப் போனேன். பூட்டுவதற்கு முன் நான் போட்டிருந்த மெழுகின் மேல் தடங்கள் இருந்தன. குதிகால் சின்னதாக, வலது பக்கம் தேய்ந்த ஒரு ஜோடி. அந்தச் செருப்பை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எதிரே ரோச்சின் ஷூ. தடங்களை உட்கார்ந்து படித்தேன். வால்ஸ் மட்டும்தான். நடுவில் எங்கும் நிற்கவில்லை, சுவரோரம் போகவில்லை. தவறாக எதுவும் நடக்கவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். மட்டையை எடுத்துத் தேய்த்து அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு இரண்டு வாரம் விடுமுறை. அதற்குப் பிறகு ஆண்டு விழாவுக்காக அவர்கள் இருவரும் தனி ஆட்டம் ஒன்றைப் பழக ஆரம்பித்தார்கள். நான் பாட்டுப் போட்டேன். எனக்கு டிசம்பரில் ஒரு ஆட்டம் இருந்தது. அதை நினைத்துக்கொண்டே மழைக்காலம் வரை வந்துவிட்டேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, டீ குடிக்கும்போது, முன்பு லாஞ்ச் படகு ஓட்டிய ஜோன்ஸ் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணாச்சி, வார வருசம் தொப்பிக்குள்ள கையை விடுமுன்ன ஒரு செபம் சொல்லிக்கிடுங்க. போன தடவை மாதிரி எல்லாமே வெள்ளையா இருந்துரப் போவுது."

"ஏலே ஜோன்ஸ், வாயை மூடுல" என்றான் ரோச்.

யாரும் சிரிக்கவில்லை. ஆக்னஸ் கையிலிருந்த முறுக்கைப் பார்த்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு, எங்களோடு ஆடும் தங்கத்தாயை நிறுத்தி, ஜோன்ஸ் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். பொய் சொல்ல வராது.

"தப்பா எடுத்துக்கிடாதிய அண்ணாச்சி. ஆக்னஸ்தான் கேட்டா. ஒரு வருசம் மட்டும், எண்ணிக்கை இல்லாம ஆடிப் பாத்துக்கிடுதேன்னு சொன்னா. எங்களுக்கும் பாவமா இருந்துச்சு."

யாரைப் பார்த்துப் பாவமாக இருந்தது என்று நான் கேட்கவில்லை. மூத்தவன் என்று எனக்கு முதலில் தொப்பியை நீட்டினார்கள். அப்போது அதில் இருந்தவை எல்லாமே வெள்ளைச் சீட்டுகள். நான் எடுத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெயர்ச் சீட்டுகளை உள்ளே போட்டிருக்கிறார்கள். பதினெட்டுப் பேர். அத்தனை பேரும் சனிக்கிழமைதோறும், "தரை கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் ஆடினார்கள்.

அப்போதும் நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. விழாவுக்கு நான்கு நாள் முன்பு ஆக்னஸ் துணி மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"முதல் ஆட்டத்துக்கு நீங்க தங்கத்தாயைக் கூப்பிடுங்க. பாவம், சந்தோசப்படும்."

"ஏன்?"

"நீங்க கையை இறுக்கிப் பிடிப்பிய. அப்புறம் நான் ரோச்சு கூட ஆடணும்லா. ஒரு நாளுதான."

"சரி" என்றேன். அவள் நிம்மதியாகச் சிரித்தாள். எனக்குக் காபி போட்டுத் தந்தாள்.

இனி நீங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். மாடிக்கு வரும் கல்படி தென்மூலையில் வந்து முடிகிறது. மேலே கதவு கிடையாது, நாங்கள் பூட்டுவது கீழ் வாசலைத்தான். ஆடும்போது படியின் உச்சியில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போடுவது வெள்ளைச் சீட்டுக்காரரின் வேலை. விழாவன்று விருந்தினர் அதிகம். பெஞ்சை எடுத்துக் கொண்டுபோய் அவர்களுக்குப் போட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். எங்களோடு ஆடும் கிளைட்டன் ஒரு முனையைப் பிடித்து உதவிகூடச் செய்தான்.

அவர்களுடைய ஆட்டத்தை நான் நான்கு மாதம் பார்த்திருக்கிறேன். மூன்றாவது சுற்றில், தென்மூலையில், ரோச் ஒரு கையை விட்டு அவளை வெளியே சுழற்றி அனுப்புவான். அவள் கை நீளும் தூரம்வரை போய்ச் சுற்றித் திரும்புவாள். அவன் அசையாமல் நிற்பான். அவள் கால் எந்தப் பலகையில் விழும் என்று எனக்குத் தெரியும். அன்று மதியம் அந்த மூன்று பலகைகளுக்கு மட்டும் இரண்டு மெழுகுவர்த்தி கூடுதலாகச் சீவினேன். மேலே பவுடர் தூவினேன். பார்க்க மற்ற இடம் மாதிரியேதான் இருந்தது.

முதல் ஆட்டம் தங்கத்தாயோடு ஆடினேன். எண்ணவில்லை. அவள் நன்றி சொன்னாள். அதன் பிறகு பாட்டுப் பெட்டிக்குப் போய் அவர்களுடைய பாட்டைப் போட்டேன்.

அவள் கால் வழுக்கியபோது ரோச்சின் பிடி தளரவில்லை. அவன் விரலில் அவளுடைய மோதிரம் கீறிய காயம் இருந்ததே, அது அவன் விடாமல் பிடித்ததால் வந்தது. இந்த இரண்டு மாதமாக ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து, "என் கைதான் விட்டுச்சு அண்ணாச்சி" என்று அழுகிறான். நான் மறுத்துச் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், தோளில் தட்டினேன். துக்கப்படட்டும் என்று விட்டேன். ஆனால் கொன்றது தான்தான் என்று அவன் எழுதிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. ஒரு வருஷம் எடுத்துக்கொண்டான். இதையும் எடுத்துக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை.

படிகள் பத்தொன்பது. முதலில் இறங்கி ஓடியது நான்தான். மற்றவர்கள் மேலேயே உறைந்து நின்றார்கள். அடிப்படியில் உட்கார்ந்து அவளைத் தூக்கி என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். அவளுடைய ஒரு கை தானாக என் தோளில் விழுந்தது. இன்னும் மூச்சு இருந்தது. ரோச் இறங்கி வந்தான், தொடாதே என்றேன். விலகி நின்றான். மேலே பாட்டை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீளமான பாட்டு அது. முடியும்வரை அவள் என்னை விட்டு வேறு யாரிடமும் போகவில்லை.