புத்தகம் பார்த்துப் பழுது பார்த்த துப்பாக்கி

1981-ம் வருடம் பிப்ரவரி மாதம் 9-ந் தேதி திங்கட்கிழமை பகல் 11 மணிக்கு, சங்கரன்கோவில் போலீஸ் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டு, நிலைய ரைட்டர் எழுத, நான் கொடுக்கும் வாக்குமூலம்.

என் பெயர் வீரபாண்டி. தகப்பனார் பெயர் கருத்தப்பாண்டி. வயது 44. சங்கரன்கோவில் திருவேங்கடம் ரோட்டில் மனைவி கோமதியம்மாளுடனும் இரண்டு பெண்மக்களுடனும் குடியிருந்து வருகிறேன். விசைத்தறிகளுக்குப் பிட்டர் வேலை செய்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். இங்கிலீஷில் ஏ, பி, சி, டி கூட எனக்கு வரிசையாக வராது. இதை ரைட்டர் அவர்கள் தனியாகக் கோடு போட்டு எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வழக்கே இதில்தான் இருக்கிறது.

மேலநீலிதநல்லூர் மூக்காண்டி என் உடன்பிறந்த தங்கை சுப்புத்தாயின் கணவர். காடு கரை வைத்து வெள்ளாமை செய்கிற சம்சாரி. சென்ற மாதம் 28-ந் தேதி காலையில் அவருடைய லைசென்சு துப்பாக்கி கையிலேயே வெடித்து, இடது கையில் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் போய்விட்டன. அந்தத் துப்பாக்கியைப் பழுது பார்த்துக் கொடுத்தது நான். துப்பாக்கி பழுது பார்க்க எனக்கு லைசென்சு கிடையாது. இரண்டையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். அடித்துக் கேட்டுத்தான் சொன்னேன் என்று நாளைக்கு யாரும் பேச வேண்டாம்.

தறி வேலை எனக்கு வயிற்றுப்பாட்டுக்கு. துப்பாக்கி வேலை ஆசைக்கு. பயிர்ப் பாதுகாப்புக்காகப் பன்றி விரட்ட லைசென்சு வாங்கிய சம்சாரிகள், துப்பாக்கிக் கட்டை உடைந்தாலும், விசையை இழுத்தால் அடிக்கிற குதிரை விழாமல் நின்றாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். ஒருவரிடமும் நான் கூலி வாங்கியது இல்லை. இதுவரை ஒரு தடவைகூட நான் துப்பாக்கி சுட்டதும் இல்லை, சத்தம் எனக்கு ஆகாது. செத்துக் கிடந்த இரும்பு மறுபடி அசைவதைப் பார்க்க ஒரு ஆசை, அவ்வளவுதான்.

1972-ம் வருடம் ஆடித்தபசு முடிந்த வாரத்தில், கடையநல்லூர் பழைய சாமான் வியாபாரி மைதீன் பாட்சா, மலை எஸ்டேட் பங்களாவில் ஏலம் எடுத்த ஒரு டிரங்குப் பெட்டியின் பூட்டைத் திறந்து தரச் சொல்லி என்னிடம் வந்தார். பெட்டிக்குள் துணிமணிக்குக் கீழே ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரர் வாயில் சுங்கான் வைத்துப் புகைத்துக்கொண்டு, வைஸ் இடுக்கியில் மாட்டிய துப்பாக்கிச் சாமானை அரத்தால் ராவுகிற படம். பொழுதுபோக்காக வீட்டிலேயே துப்பாக்கி பழுது பார்க்கிறவர்களுக்காக எழுதிய புத்தகம் என்று படங்களைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் போல ஒரு கிறுக்கன் சீமையிலும் இருக்கிறான் என்று அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாட்சா புத்தகத்தை எனக்கே கொடுத்துவிட்டார்.

அதன் பின்பு அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் சிநேகிதர் ஞானதுரையிடம் போனேன். அவர் எங்கள் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவர். வளைகுடாவுக்குப் போகிறவர்களின் விண்ணப்பப் பாரம், பேங்கு லெட்டர், மேலிடத்துக்கு எழுதும் மனு எல்லாம் அவர்தான் இங்கிலீஷில் தட்டிக்கொடுப்பார். ஒரு எழுத்துப் பிசகாது. எங்கள் தெருவில் யாருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தாலும் ஞானதுரையிடம் காட்டு என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் போனேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாரும், வாசித்துச் சொல்லுகிறேன் என்றார்.

அதற்குப் பின்பு ஒன்பது வருடமாக, நல்லது கெட்டதுக்குப் போன நாள் நீங்கலாக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டுப் படுத்து எழுந்த பிறகு, நான்கு மணிக்கு நான் புத்தகத்தோடும் நோட்டோடும் அங்கே இருப்பேன். அவர் ஒரு பத்தியை முதலில் இங்கிலீஷில் உரக்க வாசிப்பார். சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரல் அது, கேட்க நன்றாக இருக்கும். பிறகு தமிழில் அர்த்தம் சொல்லுவார், நான் புத்தகத்தின் பக்க எண்ணைப் போட்டு எழுதிக்கொள்ளுவேன். இப்படி எழுதியது மூன்று நோட்டு. ஒவ்வொரு வாரமும் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னால் அவர் என்னிடம், "இந்த வாரம் என்னவே செஞ்சீரு, எப்படிச் செஞ்சீரு? மொதல்ல அதச் சொல்லும்" என்று கேட்பார். நான் விலாவாரியாகச் சொல்லுவேன். என் வேலைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்துக் கேட்க வேறு ஆள் எனக்கு இல்லை. வீட்டில் கேட்க மாட்டார்கள். அதனால் அந்தக் கேள்வியை நான் தப்பாக நினைக்கவில்லை.

நான் செய்ததைச் சொல்லி முடித்ததும் அவர் புத்தகத்தைத் திறந்து வாசித்துவிட்டு, பெரும்பாலும் நான் செய்தது போலத்தான் இதிலும் போட்டிருக்கிறது என்பார். ஐந்தாம் வகுப்புப் படித்த நான் யோசித்ததைச் சீமைக்காரனும் யோசித்திருக்கிறான் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். முதல் வாரம் அவரிடம் கொண்டுபோகும்போதே புத்தகத்துக்குச் சந்தனம் வைத்துத்தான் கொண்டுபோனேன். வீட்டில் அதற்குக் காலண்டர் அட்டை போட்டு வைத்திருந்தேன். சரஸ்வதி பூசைக்கு அரம், ஸ்பேனர்களோடு அதையும் வைத்துச் சந்தனம் பொட்டு வைப்பேன். யாராவது துப்பாக்கியைத் தந்துவிட்டுத் தயங்கினால், புத்தகம் பார்த்துத்தான் செய்வேன், பயப்பட வேண்டாம் என்று சொல்லுவேன். கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இந்த வருடம் பொங்கலுக்கு முந்திய வாரம் மூக்காண்டி தன் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். மருந்து இடித்துச் சுடுகிற பழைய ஒற்றைக் குழல், அவர் தகப்பனார் காலத்தது. கடலைக்காட்டில் பன்றி இறங்குகிறது, சீக்கிரம் வேண்டும் என்றார். கட்டையும் குதிரையும் ஒரு நாள் வேலை, முடித்துவிட்டேன். ஆனால் குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தபோது நடுவில் ஓரிடத்தில் துரு அரித்துக் கரகரவென்று பிடித்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் கை அதை வேண்டாம் என்றது. இருபத்தைந்து வருடம் இரும்பைத் தொட்ட கை. அன்றைக்கு அந்தக் கையை நம்பியிருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஜனவரி 11-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, இந்த ஒரு கேள்விக்காகவே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே அரித்த குழலை வைத்துச் சுடலாமா என்று கேட்டேன். ஞானதுரை, "நீரு என்ன நெனைக்கீரு?" என்றார். துருவைச் சுத்தமாக எடுத்துவிட்டால் தாங்கும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை என்றேன். அவர் தாள்களைப் புரட்டி 94-ம் பக்கத்தில் நிறுத்தினார். அந்தப் பக்கத்தில் ஒரு குழல் வாழைப்பூ விரிந்தது போலக் கிழிந்திருக்கிற படம் இருக்கிறது. அதற்குக் கீழே இருந்ததை அவர் இங்கிலீஷில் வாசித்தார். வாசித்துவிட்டு, "துருவ நல்லா எடுத்துட்டா பயமில்லன்னு போட்டிருக்கான் வே. எடுக்காம விட்டா என்ன ஆகும்னுதான் இந்தப் படம்" என்றார். நான் நிம்மதியாக எழுதிக்கொண்டேன். மூன்றாவது நோட்டில் தேதி போட்டு இருக்கிறது. துருவைச் சுத்தமாக எடுத்து, 18-ந் தேதி துப்பாக்கியை மூக்காண்டியிடம் கொடுத்தேன்.

28-ந் தேதி காலை பத்து மணிக்குத் தறிக்கூடத்தில் இருந்தபோது ஆள் வந்து சொல்லி, பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்காண்டி மயக்கத்தில் இருந்தார். சுப்புத்தாய் அவர் சட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவும் இல்லை, என்னை ஏசவும் இல்லை. "அண்ணே, நீ புக்கப் பாத்துத்தான செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியானால் இது விதி என்று சொல்லிவிட்டு என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன அந்த ஆமாம் பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான் அதற்குப் பின்பு எல்லாம் செய்தேன்.

மறுநாள் போலீசார் என் வீட்டுக்கு வந்து புத்தகத்தையும் நோட்டுகளையும் கைப்பற்றினார்கள். புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தேன், என் சிநேகிதர் ஞானதுரை வாசித்துச் சொன்னார் என்று சொன்னேன். அவரை விசாரித்தபோது, அப்படி ஒரு புத்தகத்தைத் தான் கண்ணால் பார்த்ததே இல்லை, வீரபாண்டி சும்மா பேப்பர் பார்க்க வருவார் என்று சொல்லிவிட்டார். நோட்டில் இருப்பது முழுக்க என் கையெழுத்து. அவருக்குப் பயம், பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள், அதனால் சொல்லியிருப்பார் என்று நானே அவருக்காக எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது வருடம் அந்த வீட்டில் காப்பி குடித்திருக்கிறேன்.

அதன் பின்பு சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் 94-ம் பக்கத்தைத் தாமே படித்து எனக்குத் தமிழில் சொன்னார்கள். உள்ளே அரித்த குழலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் சுடக் கூடாது, அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், அதற்கு மேல் ஆசை உள்ளவர்கள் லைசென்சு பெற்ற கைதேர்ந்த ஆளிடம் போக வேண்டும், படத்தில் உள்ள குழல் சுத்தம் செய்த பிறகு வெடித்தது என்று இருந்தது. நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார்கள்.

பிறகு என் நோட்டுகளையும் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக ஒத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். இரண்டு மணி நேரம் பார்த்தோம். ஸ்பிரிங்கைப் பற்றி என்று நான் எண் போட்டு எழுதியிருந்த புத்தகப் பக்கத்தில் மரத்துக்கு எண்ணெய் பூசுவது இருந்தது. குதிரையைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தில் பட்டறைக்கு ஜன்னல் எந்தத் திசையில் வைப்பது என்று இருந்தது. மூன்று நோட்டில் ஒரு பத்திகூட புத்தகத்தோடு சேரவில்லை. அப்படியானால் நோட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்கள். எழுதியவனுக்குத் தெரியாதா, வாசித்ததும் புரிந்துவிட்டது. எல்லாம் நான் சொன்னது. நான் அந்தந்த வாரம் செய்ததைச் சொல்ல, அதையே அவர் புத்தகத்தைப் பார்த்துத் திருப்பி எனக்குச் சொல்லியிருக்கிறார். என் பேச்சைத்தான் ஒன்பது வருடமாகச் சீமைக்காரன் பேச்சு என்று நம்பிச் சந்தனம் வைத்திருக்கிறேன்.

7-ந் தேதி ஞானதுரையை நிலையத்துக்கு வரவழைத்து, என் எதிரிலேயே புத்தகத்தைக் கொடுத்து 94-ம் பக்கத்தை வாசிக்கச் சொன்னார்கள். தடங்கல் இல்லாமல் அதே குரலில் வாசித்தார். அர்த்தம் சொல்லச் சொன்னார்கள். புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தார். தனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், பார்த்துத் தட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது என்று சொன்னார். மனுவெல்லாம் பழைய நகலைப் பார்த்துப் பெயரை மாற்றித் தட்டுவது என்றும் சொன்னார். நான் அவரிடம், "ஒரு நாளாவது தெரியலன்னு சொல்லிருக்கலாம்லா வே?" என்று கேட்டேன். அதற்கு அவர், "மொத வாரமே சொல்லிருப்பேன். நீரு அதுக்குச் சந்தனம் வச்சுல்லா கொண்டாந்தீரு. ஒமக்குத்தான் வேலை தெரியும், ஒமக்குப் பட்டதத்தான் நான் சொன்னேன்" என்றார். எனக்குப் பட்டது அது இல்லை. எனக்குப் பட்டது வேண்டாம் என்பது. அதைத்தான் அவர் புத்தகத்தை வைத்து அடக்கிவிட்டார்.

அவர் போலீசில் பொய் சொன்னதை மன்னித்துவிடுவேன், பயத்தில் யாரும் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை மன்னிக்க எனக்கு முடியவில்லை. பாதி ஆயுளில் எனக்கு இருந்த ஒரே பள்ளிக்கூடம் அது.

இந்த மாதிரிப் புத்தகங்களால் பிரயோசனம் உண்டா என்று விசாரணையில் கேட்கப்பட்டதற்கு நான் சொல்வது: உண்டு. அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை எழுதியவர் செய்யாதே என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்து எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ளலாம், எதைச் செய்யக் கூடாது என்பது எழுத்தில்தான் இருக்கிறது. எழுத்துத் தெரியாதவன் கையில் அது பாதிப் புத்தகம், தெரிந்த மாதிரி நடிக்கிறவன் கையில் அது துப்பாக்கியைவிட மோசம். லைசென்சு இல்லாமல் பழுது பார்த்த குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன், தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துச் செய்தேன் என்று என் தங்கையிடம் சொன்னது பொய் என்பதை மட்டும் நானே நேரில் போய்ச் சொல்ல ஒரு நாள் அனுமதி வேண்டும். விதி என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எழுதி முடித்ததும் ரைட்டர் அவர்கள், வழக்கப்படி, படிக்கக் கேட்டேன் சரி என்று கடைசியில் எழுதிவிட்டு உரக்கப் படிக்கத் தொடங்கினார்கள். நான் வேண்டாம் ஐயா என்று சொல்லி, காகிதங்களைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து படித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஓரிடத்தில் ஞானதுரை என்பவர் என்று எழுதியிருந்ததை, நான் சொன்னபடியே என் சிநேகிதர் ஞானதுரை என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். யாரோ ஒருவர் எனக்கு இதைச் செய்யவில்லை.

இதில் கண்டது அனைத்தும் நான் சொன்னது, நடந்தது. படிக்கக் கேட்டேன் என்பதை என் பேனாவால் அடித்துவிட்டு, நானே படித்துப் பார்த்தேன் என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) க. வீரபாண்டி