படத்தில் ஒரு முழங்கை

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களை நான் நம்புவதில்லை, இன்ஸ்பெக்டர் சார். முகர்ந்து பார்க்க வேண்டும். காம்புப் பக்கம் வாசம் வந்துவிட்டால் அன்றைக்கே விற்றுவிட வேண்டும். மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஓசூர் மண்டியில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கூடத்தில்தான் ஒரு காலத்தில் என் புளி மூட்டைகள் அடுக்கியிருந்தன. தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் வேட்டைக்கு வந்து தங்க யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா. எனக்கு அது வாடகை குறைந்த கிடங்கு, அவ்வளவுதான். என்னோடு படித்த பிரதாப் ஒருநாள் மூட்டைகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தான். "டேய் முஹ்சின், இந்த உத்திரமெல்லாம் தேக்குடா" என்றான். நானும் பார்த்தேன். ஒட்டடைதான் தெரிந்தது.

பங்களாவை வாங்கினான். காரை பூசினான், ஓடு மாற்றினான், சுவரெல்லாம் யானையும் மயிலும் மலை அணிலும் வரையவைத்து ஹோட்டல் திறந்தான். பெங்களூரிலிருந்து காரில் வந்தவர்கள் சுவரை முகர்ந்து, எவ்வளவு பழமையான வாசனை என்று சொக்கிப்போனார்கள். அது என் புளி, சார்.

அதற்கெல்லாம் நான் வயிறெரியவில்லை. அவன் சமையலறைக்குக் காய்கனி அனுப்பியதே நான்தான், எடை குறைக்காமல்.

இந்தக் கூடத்தில் அவன் ஒரு பழைய படம் மாட்டினான். சந்தையில், தராசுக்குப் பக்கத்தில் அவன் தாத்தா. கீழே 'இவ்வட்டாரப் புளி வணிகத்தின் முன்னோடி' என்று எழுத்து. முன்னோடிக்கு இடப்பக்கம் ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது என் தாத்தா தஸ்தகீர். இருவரும் கூட்டாளிகள், தராசு எங்களுடையது. கேட்டதற்கு, "ஃப்ரேம் பத்தலைடா" என்றான். காய் இறக்க வரும்போதெல்லாம் அந்த முழங்கைக்கு ஒரு ஸலாம் வைத்துவிட்டுப் போவேன்.

தோட்டம் பார்த்தவள் அஞ்செட்டிக்காரி மாதம்மாள். இங்குள்ள பலா மரத்தில் ஒரு காயையும் முற்ற விடமாட்டாள். பிஞ்சிலேயே வெட்டிக் குழம்புக்குக் கொடுத்துவிடுவாள். ஒருமுறை நான் பழத்தோடு வந்தபோது கேட்டிலேயே மறித்தாள்.

"பாய், பழுத்தத இங்க கொண்டாராதீங்க. வாசம் காட்டுக்குப் போவும்."

"போவட்டும்மா. அதுங்களும் ரூம் போட்டுத் தங்கட்டும்."

"சிரிக்காதீங்க. எங்கூர்ல பழம் வெச்ச ஊட்டுச் செவுத்தயே ஆனை தள்ளிடிச்சி. அதுங்க கதவையா தேடும்?"

பழத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன். சொன்னதையும் கூடவே கொண்டுபோனேன்.

ஹோட்டலின் முதலாண்டு விழா வந்தது. "வர்றவனெல்லாம் யானை செவுத்துல மட்டும்தானான்னு கேக்கறான்டா" என்று பிரதாப் புலம்பினான். நண்பன் கேட்டு இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பலா விருந்து வை, பழம் என்னுடையது என்றேன். என்னைக் கட்டிக்கொண்டான். மாதம்மாள் ஊர்த் திருவிழாவுக்குப் போன அன்று வேன் நிறைய இறக்கினேன். அவள் நல்லவள், அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. விருந்தாளிகளுக்கு மாடி அறைகள். கீழே பின்கட்டில் பிரதாப் மட்டும்தான் படுப்பான். "ஸ்டோர்ல வெச்சா பசங்க தின்னுருவானுங்க. உன் ரூமுக்கு வெளியில வெச்சுக்கோ" என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் விடியும்போது போன் வந்தது. எவ்வளவு நேரம் பேசினோம் என்பது உங்களுக்குக் கிடைத்திருக்கும். என்ன பேசினோம் என்பது கிடைத்திருக்காது. நானே சொல்கிறேன்.

"முஹ்சின், வந்துருச்சுடா. பின்னாடி நிக்குது, ஒத்தக் கொம்பன்." குரலை அடக்கிப் பேசினாலும் அதில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம். "என்னடா பண்றது, மாடிக்குப் போயிடட்டா?"

போ என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனியில்தான் இருந்தது.

"அது பழம் தின்ன வந்துருக்கு, உன்ன ஒன்னும் பண்ணாது. வெளிய போயி கிட்டக்க நின்னு படம் எடு. கூடத்துல மாட்டலாம்" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. நான்தான் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தேன்.

ஊரே விபத்து என்றது. பழத்தோலைப் பார்த்த மாதம்மாள் மட்டும்தான் உங்கள் வரைக்கும் வந்திருக்கிறாள். பிரதாப்பின் மனைவி லாவண்யா இந்த இடம் கையை விட்டுப் போனால் போதும் என்றாள்; நான் சொன்ன விலைக்கு ஒரு வார்த்தை எதிர்ப் பேச்சில்லை. பேரமில்லாமல் நான் வாங்கிய ஒரே சரக்கு இது. இன்னும் உறுத்துகிறது.

பொறாமையா என்று கேட்டீர்கள். திரும்பி அந்தப் படத்தைப் பாருங்கள். முழுப் படமும் எங்கள் வீட்டில் இருந்தது. புதிதாக ஃப்ரேம் போட்டிருக்கிறேன். இப்போது தராசுக்குப் பக்கத்தில் முழுசாக நிற்பவர் என் தாத்தா. வலது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதா? பிரதாப்பின் தாத்தாவுடையது. பொறாமைக்காரனாக இருந்தால் அதையும் சேர்த்து வெட்டியிருப்பேன், சார்.